ரத்தம் சொல்லும் சாட்சி

ஒரு ஜனசமூகத்தின் பூர்வோத்தரத்தை அந்த ஜனங்களின் வாய்மொழியைப் பொருட்படுத்தாமலே தீர்மானித்துவிடும் வழக்கம் மேனாட்டுப் பண்டிதர் பலரிடம் நெடுங்காலம் இருந்தது. பசிபிக் மகா சமுத்திரத்தில் ஹவாய், நியூஜிலாந்து, ஈஸ்டர் தீவு என்னும் மூன்று முனைகளுக்குள் அடங்கிய பாலினீஷிய மக்களுக்கு நேர்ந்த கதி இதுவே. தங்கள் முன்னோர் தோணியேறிக் கடல் கடந்து வந்து குடியேறினர் என்று அவர்களுடைய வம்ச வரலாறுகள் கூறுகின்றன. ஐந்து என்பதற்கு ‘லிமா’ என்றும், கண்ணுக்கு ‘மாத்தா’ என்றும் மலாய்க்காரர் சொல்வதைப் போலவே ஸமோவாத் தீவினரும் சொல்கின்றனர். இவ்வளவிருந்தும் அவர்களுடைய ரத்தத்தைக் கொண்டே அவர்களை மறுத்துரைக்கச் சிலர் முற்பட்டனர்.

ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்பதை வியன்னா நகரின் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்டார். முதல் உலக யுத்தத்தின்போது ஸலோனிகாவில் முகாமிட்டிருந்த பல தேசத்துச் சிப்பாய்களின் ரத்தத்தை ஹிர்ஷ்பெல்டு தம்பதிகள் பரிசோதித்து, 1919-இல் முடிவுகளைப் பிரசுரித்தனர். இந்தியச் சிப்பாய்களிடம் ‘பி’ பிரிவு ஐரோப்பியரிடத்தைவிட மிகுதியாயிருந்தது. உடனே, மனித குலத்துக்கு ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரண்டு ஆதிமூலங்கள் உண்டென்று அவர்கள் ஊகித்தனர். பிற்கால ஆராய்ச்சி அவ்வூகத்தைத் தள்ளிவிட்டது. ஆயினும், ரத்தத்தைக் கொண்டு ஜாதி பிரிக்கும் ஆசை அத்துடன் ஒழியவில்லை.

கலப்பில்லாத மாவோரிகளிடம் ‘பி’ இல்லையென்றே சொல்லலாம். அமெரிக்க ஆதிக்குடிகளிடமும் அப்படியே. மலாய்த் தீவுகளிலோ ‘பி’ சாதாரணம். நார்வே தேசத்து ஹெயர்டால் 1947-இல் பெரு தேசத்துக் கால்யாவோ துறைமுகத்திலிருந்து தெப்பமேறி, 101 நாட்களில் ராரோயியாத் தீவை அடைந்தார். அவருடைய தீரத்தை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், பாலினீஷியர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களென்றும், வெண்ணிறத் தலைவர்கள் அவர்களுக்கு நாகரிகம் கொணர்ந்தனரென்றும் அவர் வாதித்தபோது, 1952-இல் வெளியிட்ட நூலில் இந்த ரத்தப் பிரிவுகளையும் சாட்சிக்கு இழுத்தார். மெல்பர்ன் நகரத்து ஸிம்மன்ஸ் முதலியோரும் 1955-இல் குக் தீவினரின் ரத்தத்தை ஆராய்ந்து, அமெரிக்க ஆதிக்குடிகளுடன் அதற்கு நெருக்கம் உண்டென்றே கூறினர்.

இந்தச் சாட்சியத்தைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம். தென் அமெரிக்க ஆதிக்குடிகள் ஏறக்குறைய எல்லோரும் ‘ஓ’ பிரிவினர். பாலினீஷியரிடமோ ‘ஏ’ ஏராளம். அமெரிக்க ஆதிக்குடிகளிடம் காணப்படும் ‘டியேகோ’ என்னும் ரத்தக் குறி பாலினீஷியரிடம் இல்லை. மேற்கேயுள்ள ஸமோவாவிலும் டோங்காவிலும் ‘பி’ ஓரளவு உண்டு. கிழக்கே செல்லச்செல்லவே அது மறைகிறது.

காரணம் எளிது. பலவகை விதைகள் கலந்த குதிரிலிருந்து ஒரு பிடி அள்ளினால், அரிதான விதை கையில் வராமலே போகலாம். அந்தப் பிடியை விதைத்து, விளைந்ததிலிருந்து மறுபடியும் ஒரு பிடி அள்ளினால் சொல்லவும் வேண்டுமோ? தீவுக்குத் தீவு சில தோணிகளில் சென்ற சிறு கூட்டங்களில் ‘பி’ உதிர்ந்துபோனது இவ்வாறே. இருவரிடம் ஒரு பொருள் இல்லாமையால் அவ்விருவரும் சகோதரராகிவிடமாட்டார்கள்.

மரபணு ஆராய்ச்சி இதை மேலும் துலக்கியது. வனுவாட்டுவிலும் டோங்காவிலும் கிடைத்த, இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புகள் தைவான், பிலிப்பைன் தீவுகளின் ஆதிக்குடிகளோடு உறவுடையவை என்று 2016-இல் தெரியவந்தது. பப்புவ மக்களின் ரத்தம் பின்னர் கலந்தது. மாவோரி அன்னையின் புதல்வரான டாக்டர் தே ரங்கி ஹிரோவா, ஆசியத் திசையே தம் மக்களின் பூர்வீகம் என்று 1938-இலேயே எழுதியிருந்தார். ஹெயர்டாலுக்கும் நியாயம் செய்ய வேண்டும்: கி.பி. 1200-ஐ ஒட்டிப் பாலினீஷியரும் அமெரிக்கரும் சந்தித்துக் கலந்தனர் என்று 2020-இல் மரபணுக்கள் காட்டின. ஆனால் அது கலப்பே தவிர, மூலமன்று.

நிற்க. ஈஸ்டர் தீவினர் காட்டை அழித்து, தமக்குள் போரிட்டு, ஐரோப்பியர் வருமுன்பே தாமாகவே நாசமடைந்தனர் என்றொரு கதை உலகெங்கும் பரவியிருந்தது. பாரிஸ் காட்சிசாலையிலிருந்த அத்தீவினர் 15 பேரின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அப்படியொரு வீழ்ச்சியின் அடையாளமே இல்லையென்று 2024-இல் அறிவித்தனர். உண்மையில் நேர்ந்த நாசம் வேறு. 1862, 1863 ஆண்டுகளில் பெருவிலிருந்து வந்த அடிமை வியாபாரிகள் சுமார் 1,500 பேரைப் பிடித்துச் சென்றனர். உயிர் தப்பித் திரும்பிய சிலரோடு வைசூரியும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியவர் 111 பேர். கொள்ளையிட்டவனை விட்டுக் கொள்ளை கொடுத்தவன்மீது பழி சுமத்துவது உலகத்துக்குப் புதிதன்று.

அந்த 15 பேரின் எலும்புகள் தாய்மண்ணுக்குத் திரும்பவேண்டுமென்று தீவு மக்கள் கோருகின்றனர். அவர்கள் ஈஸ்டர் தீவினரே என்பதை ஆராய்ச்சி ஐயமற நிலைநாட்டிவிட்டது. இறந்தவர்களின் சாட்சியத்தைப் பெற்றுக்கொண்ட உலகம், அவர்களை அவர்களுடைய சந்ததியாரிடம் ஒப்புவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இதுவே நியாயம் என்பது நமது துணிபு.