பள்ளி மாறுவேடப் போட்டி

மாறுவேடப் போட்டி என்பது பள்ளிகளில் குழந்தைகள் ஒரு தலைவரைப் போலவோ, புலவரைப் போலவோ, தொழிலாளரைப் போலவோ, விலங்கு, காய், பழம் முதலியவற்றைப் போலவோ உடையணிந்து மேடையில் தோன்றும் நிகழ்வு ஆகும். தமிழ்நாட்டில் மழலையர் வகுப்புகளிலும் தொடக்கப்பள்ளிகளிலும் இது பரவலாக நடத்தப்படுகிறது. குழந்தை வேடத்திற்குரிய உடையில் மேடையேறி, ஓரிரு நிமிடங்கள் அப்பாத்திரமாகவே பேசி இறங்குவது வழக்கம். இலங்கையில் முன்பள்ளி விளையாட்டு விழாக்களில் இடம்பெறும் இதையொத்த நிகழ்ச்சி வினோத உடைப் போட்டி எனப்படுகிறது.

பெயர்

மாறுவேடம் என்ற சொல் தன்னை மறைத்துக்கொள்ளும் கோலத்தைக் குறிப்பது. அரசன் மாறுவேடத்தில் நகர்வலம் வந்தான் என்று கதைகளில் கூறப்படுவது இப்பொருளிலேயே ஆகும். பள்ளிப் போட்டியில் இதன் நோக்கம் நேர்மாறானது. பார்ப்பவர் உடனே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதே இங்கு வேடத்தின் வெற்றி. எனவே ஒருவரை அடையாளப்படுத்தும் ஓரிரு கூறுகளைக் கண்டறிவதே வேடத் தேர்வின் முதற்படி ஆகும்.

நடைபெறும் நாட்கள்

இந்தியாவில் நேருவின் பிறந்த நாளான நவம்பர் 14 குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாறுவேடப் போட்டிகள் பல அந்நாளையொட்டி நடைபெறுகின்றன. விடுதலை நாள் (ஆகத்து 15), குடியரசு நாள் (சனவரி 26), காந்தி பிறந்த நாள் (அக்டோபர் 2), பாரதியார் பிறந்த நாள் (டிசம்பர் 11) ஆகியவற்றிலும் இவை நடத்தப்படுகின்றன. காமராசரின் பிறந்த நாளான சூலை 15 தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டு முதல் கல்வி வளர்ச்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று கதர்ச் சட்டையும் வேட்டியும் துண்டும் அணிந்த சிறுவர்களைப் பள்ளிகளில் காணலாம். மழலையர் பள்ளிகளில் சிவப்பு நாள், மஞ்சள் நாள், பழங்கள் நாள், நமக்கு உதவுவோர் நாள் என்றவாறு கருப்பொருள் அறிவித்து, அதற்கேற்ற உடையில் வரச் சொல்வதும் உண்டு.

பிற நாடுகளில்

யுனெசுக்கோ 1995 இல் ஏப்ரல் 23 ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தது. ஐக்கிய இராச்சியத்தில் இந்நாள் மார்ச் மாதத்தின் முதல் வியாழக்கிழமையையொட்டிக் கொண்டாடப்படுகிறது. அன்று குழந்தைகள் தமக்குப் பிடித்த கதைமாந்தர்களின் உடையில் பள்ளிக்குச் செல்கின்றனர்.

சிங்கப்பூரில் 1964 சூலை 21 அன்று தொடங்கிய இனக்கலவரத்தை நினைவுகூர்ந்து, 1997 முதல் பள்ளிகளில் சூலை 21 இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ், மலாய், சீன மாணவர்கள் தத்தம் மரபுடையில் வருவதும், ஒருவர் மற்றவரின் மரபுடையை அணிந்து பார்ப்பதும் அந்நாளின் வழக்கம். இங்கு உடை போட்டிக்கானது அன்று. அருகில் அமர்ந்திருக்கும் மாணவரை அறிந்துகொள்வதற்கானது.

பரவலாகக் காணப்படும் வேடங்கள்

காந்தி: அரைவேட்டி, வட்டக் கண்ணாடி, கைத்தடி ஆகிய மூன்றும் போதுமானவை. காந்தி எப்போதும் இவ்வுடையில் இருந்தவர் அல்லர். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது ஐரோப்பிய உடை அணிந்தார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதே அரையாடைக்கு மாறினார். ஏழை மக்கள் உடுத்த முழு உடை இல்லாதிருந்ததே அதற்குக் காரணம். இதை அறிந்து வேடமிடும் குழந்தை, மேடையில் அவ்வுடையைப் பற்றியே பேச இயலும்.

பாரதியார்: வெண்ணிறத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை, நெற்றிப்பொட்டு ஆகியன இவ்வேடத்தின் கூறுகள். பாரதியாரின் ஒளிப்படங்கள் அனைத்தும் கறுப்பு வெள்ளைப் படங்களே. வண்ணங்கள் பிற்கால ஓவியர்களும் திரைப்படங்களும் அளித்தவை.

திருவள்ளுவர்: வள்ளுவர் காலத்து உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. இன்று எல்லோரும் அறிந்த தோற்றம் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த ஓவியத்தின் வழி வந்தது. சடைமுடி, தாடி, எழுத்தாணி, ஓலைச்சுவடி ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஔவையார்: வெண்ணிறப் புடவை, நரைத்த முடி, ஊன்றுகோல் ஆகியன போதும். 1953 இல் வெளிவந்த ஔவையார் திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற தோற்றம் இவ்வேடத்திற்கு முன்மாதிரியாக நிலைத்துவிட்டது. சங்க காலத்து ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர். மேடையில் பேசும் வரிகளைத் தேர்வு செய்யும்போது இவ்வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது.

வீரபாண்டிய கட்டபொம்மன்: 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர். இவரது வேடமும் உரையாடலும் பெரும்பாலும் 1959 இல் சிவாசி கணேசன் நடித்து வெளிவந்த திரைப்படத்தைத் தழுவியவை.

வேலு நாச்சியார், வ. உ. சிதம்பரனார், திருப்பூர் குமரன், அம்பேத்கர், அப்துல் கலாம் ஆகியோரின் வேடங்களும் பரவலானவை. திருப்பூர் குமரன் வேடத்திற்குக் கதர்ச் சட்டையும் கையில் ஒரு கொடியும் இருந்தாலே போதும்.

வேடம் தேர்ந்தெடுத்தல்

குழந்தையின் விருப்பம்: வேடத்தைப் பெற்றோர் முடிவு செய்வதே பெருவழக்கு. ஆயினும் மேடையில் நிற்கப்போவது குழந்தையே. பெற்றோர் இரண்டு அல்லது மூன்று வேடங்களைக் கூறி, அவற்றுள் ஒன்றைக் குழந்தையே தெரிவு செய்யுமாறு விடுவது எளிய வழி. யாருடைய கதையைக் குழந்தை மீண்டும் மீண்டும் கேட்கிறதோ அவருடைய வேடம் பெரும்பாலும் பொருந்தும்.

வயது: மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளால் கனமான கிரீடம், ஒட்டுத்தாடி, இறுக்கமான அங்கி ஆகியவற்றை நெடுநேரம் தாங்க இயலாது. இவர்களுக்குக் கத்தரிக்காய், தக்காளி, வண்ணத்துப்பூச்சி போன்ற அட்டை வேடங்கள் ஏற்றவை. அன்றாட உடையின் மீது கட்டிக்கொள்ளக்கூடிய இவற்றை உடனே கழற்றிவிடலாம். கழிப்பறைக்குச் செல்லும்போது பிறர் உதவியின்றிக் கழற்றி மாட்டக்கூடிய உடையே பள்ளிக்கு உகந்தது.

பேச்சு: நான்கு அல்லது ஐந்து சிறு வாக்கியங்கள் போதும். மனப்பாடம் செய்த நீண்ட வசனம் நடுவில் மறந்துபோனால் குழந்தை அழுதுவிடக்கூடும்.

செலவு: நகரங்களில் வேட உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உள்ளன. எனினும் வீட்டிலுள்ள வேட்டி, துண்டு, பழைய புடவை, அட்டை, வண்ணத்தாள், பஞ்சு ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான வேடங்களை அமைக்கலாம். வாடகை உடையும் வீட்டு உடையும் ஒரே மேடையில் ஒப்பிடப்படும்போது, குழந்தையின் முயற்சிக்கன்றிப் பெற்றோரின் பணத்திற்குப் பரிசு கிடைக்கும் நிலை உருவாகிறது. இதைத் தவிர்க்கச் சில பள்ளிகள் வகுப்பிலேயே ஆசிரியர் துணையுடன் வேடம் செய்யச் சொல்கின்றன. மழலையர் வகுப்பில் வரிசைப்படுத்தாமல் அனைவருக்கும் பரிசளிப்பதும் உண்டு.

ஆண், பெண் வேடம்: சிறுமி பாரதியாராகவும் சிறுவன் ஔவையாராகவும் தோன்றுவதில் தவறேதும் இல்லை. தமிழ் நாடக மரபில் ஆண்கள் பெண் வேடத்திலும் பெண்கள் ஆண் வேடத்திலும் நடித்துள்ளனர். 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாளே ஆவார்.

ஒப்பனையும் பாதுகாப்பும்

தூக்குக் காட்சிகள்: கட்டபொம்மன், பகத் சிங் ஆகியோரின் வேடங்களில் கழுத்தில் கயிறு மாட்டும் காட்சியை அறவே தவிர்க்க வேண்டும். பகத் சிங் தூக்கிலிடப்படும் காட்சியை வீட்டில் ஒத்திகை பார்த்த சிறுவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் 2021 இல் உத்தரப் பிரதேசத்திலும் 2022 இல் கர்நாடகத்திலும் பதிவாகியுள்ளன. தலைவரின் வாழ்வைப் பேசும் காட்சியே போதுமானது. விளையாட்டாகக்கூட இக்காட்சியைச் செய்து பார்க்கக் கூடாது என்பதைக் குழந்தைக்குச் சொல்லி வைப்பது இன்றியமையாதது.

தீ: விழாக்கள் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குகின்றன. பஞ்சுத் தாடி, காகித இறக்கை, தொங்கும் மேலாடை ஆகியவை எளிதில் தீப்பற்றும். நைலான் போன்ற செயற்கை இழைகள் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வேடமிட்ட குழந்தைகளை விளக்கிலிருந்து விலக்கி நிறுத்துதல் வேண்டும்.

தோல்: காந்தி சிலை போலத் தோன்றுவதற்காக உடல் முழுதும் வெள்ளி நிறம் பூசுவது சில இடங்களில் காணப்படுகிறது. இரும்புக்கும் சுவருக்கும் பூசும் வண்ணங்களில் தோலுக்குக் கேடு செய்யும் கரைப்பான்கள் உள்ளன. முகத்துக்கென்று விற்கப்படும் வண்ணங்களையும் முதல் நாள் முன்கையின் உட்பகுதியில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ உண்டாகிறதா என்று பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மீசைக்கு வீட்டிலுள்ள கண்மை போதும்.

பிற: முகமூடி பார்வையை மறைப்பதால் மேடைப்படிகளில் தடுக்கி விழ நேரிடும். வாள், சூலம் ஆகியவற்றை அட்டையில் செய்வதே நன்று. உடையை முதல் நாளே அணிவித்து, நடக்கவும் உட்காரவும் செய்து பார்த்தால் பெரும்பாலான இடர்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

விமர்சனங்கள்

நரிக்குறவர், குடுகுடுப்பைக்காரர், இரவலர் ஆகிய வேடங்கள் நெடுங்காலமாகப் பள்ளி மேடைகளில் சிரிப்பு வருவிக்கும் வேடங்களாக இருந்துவருகின்றன. நரிக்குறவர் என்போர் தனி மொழியும் வழக்கங்களும் உடைய ஒரு சமூகத்தினர். அவர்களின் பிள்ளைகளும் அதே பள்ளிகளில் படிக்கின்றனர். தன் தாயின் உடையும் பேச்சும் மேடையில் நகைப்புக்கு உள்ளாவதைக் காணும் குழந்தை, மறுநாள் அதே வகுப்பில் அமர வேண்டியுள்ளது. பழங்குடியினராகவோ ஆப்பிரிக்கராகவோ காட்டுவதற்கு முகத்தில் கரி பூசுவதும் இவ்வாறே கருநிறத்தை நகைப்புக்குரியதாக்குகிறது.

இதற்கு மாறாக, ஒரு தொழிலைச் செய்பவரின் திறனை எடுத்துக்காட்டும் வேடங்களும் உள்ளன. உழவராக வரும் குழந்தை நாற்று நடும் முறையையும், மீனவராக வரும் குழந்தை வலை வீசும் முறையையும், தூய்மைப் பணியாளராக வரும் குழந்தை குப்பையைப் பிரிக்கும் முறையையும் செய்துகாட்டினால் அது அத்தொழிலுக்கு மதிப்பளிப்பதாகும். அந்த மனிதர் அரங்கில் அமர்ந்திருந்தால் அவர் மகிழ்வாரா என்ற வினா, வேடத்தைத் தேர்ந்தெடுக்க எளிய அளவுகோலாக அமையும்.

மதிப்பிடுதல்

வேடப் பொருத்தம், உச்சரிப்பு, உடல்மொழி, தயக்கமின்மை ஆகியவற்றை நடுவர்கள் பொதுவாகக் கருத்தில் கொள்கின்றனர். தான் ஏற்ற மனிதரைப் பற்றிக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று ஒரு வினா கேட்டு, அதற்கும் மதிப்பெண் அளிக்கலாம். அவ்வாறு செய்யும்போது உடையின் விலையைவிடக் குழந்தை கற்றுக்கொண்டது முதன்மை பெறுகிறது.