எலுமிச்சையில் சிலந்திப் பேன்: எந்த வயது இலையில் தேடுவது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதியில் கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சை வைத்திருக்கும் விவசாயிகள், சிலந்திப் பேனுக்கு மருந்து அடித்தும் பலனில்லை என்று சொல்வதுண்டு. மருந்தை மாற்றும் முன் இலையின் வயதைப் பாருங்கள். இரண்டு வகைப் பேன்கள் தாக்குகின்றன. இரண்டும் ஒரே இலையில் இருப்பதில்லை.

இளம் கொழுந்தில்: மிளகாயில் இலையைச் சுருட்டும் அதே மஞ்சள் முரணைச் சிலந்திதான் இது. இதன் வாய் உறுப்பு மென்மையானது; தோல் தடிக்காத கொழுந்திலும் பிஞ்சிலும் மட்டுமே சாறு உறிஞ்ச முடியும். இலை வளரும்போதே தாக்குவதால் ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். பிஞ்சின் தோலில் சாம்பல் படரும். காய் விலை போகாது. மழைக்காலத் துளிரில் அதிகம். இலையில் வெள்ளிக்கோடு வளைந்து ஓடினால் அது இலைத் துளைப்பான், பேன் அல்ல.

முற்றிய இலையில்: செஞ்சிலந்தி. மேல்புறத்தில் நடு நரம்பை ஒட்டி இருக்கும். வளர்ச்சி முடிந்த இலை சுருளாது. பச்சையம் போய் வெளிறிய புள்ளிகள் விழும், தூசி படிந்தது போலத் தெரியும். மாசி முதல் வறண்ட வெயிலில் பெருகும். இலை உதிர்ந்தால், நல்ல விலை கிடைக்கும் கோடையில் காயும் உதிரும்.

என்ன செய்யலாம்?

சுருண்ட இலை இனி விரியாது. முரணைச் சிலந்தி அதை விட்டு அடுத்த கொழுந்துக்குப் போயிருக்கும். எனவே துளிர் விடும் சமயத்தில் வாரம் ஒருமுறை புதிய கொழுந்தின் அடிப்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முற்றிய இலைகளை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் செஞ்சிலந்தி நகரும் புள்ளிகளாகத் தெரியும்.

பேன் இருந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். முரணைச் சிலந்திக்குக் கொழுந்தின் அடிப்புறம் நனைய வேண்டும். செஞ்சிலந்திக்கு முற்றிய இலையின் இரு புறமும் நனைய வேண்டும். கடும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கும், மாலையில் அடியுங்கள். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் பேனைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று, பேனைப் பெருக்கிவிடும். டைகோபால் 2023-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கடையில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கொழுந்தும் முற்றிய இலையும் உள்ள ஒரு கிளையை ஒடித்து, அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.