ஏரி நீரும் வயல் உரமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் கானடாவிற்கும் நடுவே ஈரி என்னும் பெரிய நன்னீர் ஏரியொன்று உண்டு. நீரில் பாஸ்பரஸ் சத்து மிகுந்தால் பாசி அளவு கடந்து வளரும். அது மடிந்து அழுகுங்கால் பிராணவாயு குறைந்து மீன்கள் மாளும். பட்டணங்களின் சாக்கடையாலும் சலவைத் தூளாலும் 1960-களில் இவ்வேரிக்கு இக்கதி நேர்ந்தது.

ஒரு கரையை மட்டும் காப்பதாற் பயனில்லையெனக் கண்டு, இரு நாட்டாரும் 1972-ல் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஏரியிற் சேரும் பாஸ்பரஸ் வருஷத்திற்கு 11,000 டன்னுக்கு மிகலாகாதென 1978-ல் வரம்பு வகுத்தனர். சாக்கடை நீர் சுத்தி செய்யப்பட்டது. சலவைத் தூளிலும் அச்சத்தைக் குறைத்தனர். 1980-களில் ஏரி தெளிந்தது.

ஆயினும், 1990-களின் பிற்பகுதி முதல் பாசி மீண்டும் தலையெடுத்தது. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தில் 4 லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் குழாய் நீரைக் குடிக்கலாகாதென எச்சரிக்கப்பட்டனர். அப்பாசியின் விஷம் காய்ச்சினாலும் போகாது.

இம்முறை முக்கிய காரணம் யாதெனில், வயலின் மேற்பரப்பில் தூவிய உரம் பெருமழையிற் கரைந்து மௌமீ நதி வழியே ஏரியை அடைந்ததேயாம். ஆகவே, 2008-ம் வருஷத்து அளவில் நூற்றுக்கு 40 பங்கு குறைக்க 2016-ல் இரு ராஜாங்கங்களும் இசைந்தன. ஒஹையோ மாகாணம் 2019 முதல், மண்ணைப் பரீக்ஷித்து, உரத்தை மண்ணுக்குள் இடும் விவசாயிகளுக்குப் பொருளுதவி செய்து வருகிறது.

சாக்கடையைச் சட்டத்தால் அடக்கலாம். ஆயிரக்கணக்கான வயல்களையோ உழுபவரே காக்க வேண்டும். சங்கக் கடனில் வாங்கிய உரம் மழையோடு போனால் நீர் கெடும், பயிருக்கும் பயனில்லை, கடன் மட்டும் நிற்கும். அங்கத்தினர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.