திரைக்குள் அடங்காத சாளரம்

2007ஆம் ஆண்டில் ஆசுஸ் நிறுவனம் ஈ-பிசி என்னும் சின்னஞ்சிறு மடிக்கணினியை விற்பனைக்கு விட்டது. அதன் திரை ஏழு அங்குலம். அகலத்தில் 800 புள்ளிகள், உயரத்தில் 480 புள்ளிகள். அதனை இயக்கியது லினக்ஸ். கைக்கு அடக்கமான அப்பொறியை விரும்பி வாங்கியோர் விரைவிலேயே ஒரு விந்தையான இடரைக் கண்டனர். ஒரு படிவத்தைத் திறப்பர். கேட்ட விவரங்களை எல்லாம் நிரப்புவர். முடிவில் அழுத்த வேண்டிய ‘சரி’ என்னும் பொத்தானை மட்டும் எங்குந் தேடியும் காணார். பொத்தான் இல்லாமற் போகவில்லை. திரையின் கீழ்விளிம்புக்கு அப்பால், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் அது கிடந்தது.

கணக்கு எளியது. பெரிய திரைகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட ஒரு நிரல், தன் சாளரத்துக்கு 600 புள்ளி உயரம் வேண்டுமெனக் கேட்கிறது. இருப்பதோ 480. எஞ்சிய 120 புள்ளிகள் வெளியே போய்விடுகின்றன. முடிவு செய்யும் பொத்தான்களைச் சாளரத்தின் அடியில் வைப்பதே வழக்கமாதலின், வெளியே போவது பெரும்பாலும் இன்றியமையாத பகுதியாகவே அமைகிறது. கடைசிப் படியில் நிற்பவனுக்குக் கதவு அகப்படாத நிலை இது.

இதற்குக் காரணம் திரையின் சிறுமை மட்டும் அன்று. சாளரத்தின் அளவைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவே இதன் அடியில் உள்ளது.

லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் திரையை ஆண்டது ‘எக்ஸ்’ என்னும் சாளர முறைமை. இது 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. சாளரத்தை வரைவதற்குரிய கருவிகளை மட்டுமே தான் தருவது, எச்சாளரம் எங்கு எவ்வளவில் நிற்க வேண்டும் என்பதைப் பிறரிடம் விட்டுவிடுவது என்பதே அதன் கொள்கை. அந்தப் பிறர், ‘சாளர மேலாளர்’ எனப்படும் தனி நிரல். பயன்படு நிரல் தனக்கு வேண்டிய அளவைக் கேட்கும். இதனினும் குறைந்தால் இயலாது எனத் தன் குறைந்தபட்ச அளவையும் அறிவிக்கும். மேலாளர் அக்கோரிக்கையைப் பார்த்து இடம் ஒதுக்குவார். கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர். கேட்பவர் வீட்டின் அளவை அறியாமற் கேட்டு, கொடுப்பவரும் மறுக்காமற் கொடுத்துவிட்டால், பாய் அறையினும் பெரிதாகிவிடுகிறது.

இடப்பற்றாக்குறைக்கு வேறொரு பரிகாரம் முன்னரே காணப்பட்டிருந்தது. செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டுவர்ட் கார்ட் ஆகிய இருவரும் 1986ஆம் ஆண்டில் ‘அறைகள்’ என்னும் முறையை வெளியிட்டனர். ஒரு வேலைக்குரிய சாளரங்கள் கூட்டமாகவே பயன்படுகின்றன. ஆகவே வேலைக்கு ஓர் அறை வகுத்து, வேண்டும்போது அறைவிட்டு அறை செல்வது நலம் என்பதே அவர்கள் கண்டது. இன்று ‘மெய்நிகர் பணிமேடை’ என வழங்குவது இவ்வெண்ணத்தின் வழிவந்ததே. திரை ஒன்று, பணிமேடைகள் பல.

ஆயினும், பல பணிமேடைகள் உண்டு என்பதனால் ஒரு பெரிய சாளரத்துக்கு அதிக இடம் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் பிழை. பணிமேடைகளை அமைப்பதில் இரு முறைகள் உள்ளன. சாளரத்தின் கதி எந்த முறை என்பதைப் பொறுத்தது.

முதல் முறை சுவர் வைத்த அறைகளைப் போன்றது. க்னோம், கேடிஈ ஆகிய சூழல்கள் இவ்வழியன. இங்கு ஒவ்வொரு பணிமேடையும் திரையளவே உடையது. முதல் அறையில் விளிம்பைத் தாண்டிய சாளரப்பகுதி இரண்டாம் அறையில் தோன்றாது. எத்தனை அறைகள் மாறிச் சென்றாலும் அந்தப் பொத்தான் அகப்படாது.

இரண்டாம் முறை வேலிப் பொட்டு வழியே வயலைப் பார்ப்பது போன்றது. வயல் ஒன்றே, பொட்டு நகர நகர வேறு வேறு பகுதிகள் தெரியும். 1993இல் தோன்றிய எஃப்விடபிள்யூஎம் என்னும் மேலாளர், திரையினும் பன்மடங்கு பெரிய தளத்தைப் பக்கங்களாகப் பிரித்தது. ஒரு பக்கத்தில் அடங்காத சாளரம் அடுத்த பக்கத்தில் தொடர்ந்து நிற்கும். சுட்டியை விளிம்புக்குக் கொண்டுசென்றால் பார்வை நகரும். ஒரு பக்கம் முழுவதுமாக நகராமல், பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நகரும்படியும் அமைத்துக்கொள்ளலாம். 2006இல் வந்த கம்பிஸும் இவ்வகையதே. அதன் கனசதுரக் காட்சியில் ஒரு சாளரத்தின் பாதி ஒரு முகத்திலும் மறுபாதி அடுத்த முகத்திலும் நிற்பதைக் காணலாம்.

இரண்டாம் முறையே சிறந்தது என்று உடனே முடிவுகட்டுதல் தகாது. வழிந்த சாளரம் அடுத்த பக்கத்தில் நடக்கும் வேலையின் மீது தலைநீட்டும். வேலைகளைப் பிரித்து வைத்ததன் பயன் அந்த அளவுக்குக் கெடும். மேலும், இருவகை மேலாளர்களும் ஏனைய நிரல்களோடு பேசுதற்கென ஒரு பொது உடன்பாடு உண்டு. பணிமேடைகளின் எண்ணிக்கை, தளத்தின் முழு அளவு, இப்போது பார்வையில் உள்ள பகுதி, பட்டைகள் போக எஞ்சிய பணிப்பரப்பு ஆகியவற்றை மேலாளர் அதன்படி அறிவிப்பார். கம்பிஸ், பணிமேடை ஒன்றே எனவும் அதன் அகலம் திரையைப்போல் நான்கு மடங்கு எனவும் அறிவிக்கலாம். எண்ணிக்கையை மட்டும் கேட்டு அளவைக் கேளாத நிரல், நான்கு இடங்களை ஒன்றென மயங்கும்.

திரைக்குள் அடங்காத சாளரத்தை எதிர்கொண்டவர் உடனே செய்யத்தக்கவை சில உள. முதலாவது, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எப்பகுதியையேனும் சுட்டியாற் பற்றி மேலே இழுத்தல். சில சூழல்களில் ஆல்ட்டுக்குப் பதிலாகச் சூப்பர் விசை பயன்படும். தலைப்புப் பட்டை மேலே மறையும். அடியிலுள்ள பொத்தான் வெளிப்படும். இரண்டாவது, க்னோமில் ஆல்ட்டையும் எஃப்8ஐயும் சேர்த்து அழுத்தி, அம்புவிசைகளால் சாளரத்தைச் சுருக்குதல். குறைந்தபட்ச அளவோடு இது நின்றுவிடும். மூன்றாவது, எக்ஸ் முறைமையில் எக்ஸ்ரேண்டர் என்னும் கருவியால் திரையினும் பெரிய பரப்பை அமைத்தல். சுட்டி செல்லுமிடமெல்லாம் காட்சியும் பின்தொடரும்.

முதல் வழிக்கும் ஒரு தடை இருந்தது. தலைப்புப் பட்டை மறைந்தால் சாளரத்தைப் பற்ற இடமின்றிப் போகும் என அஞ்சி, அது மேல்விளிம்பைத் தாண்டாதவாறு கம்பிஸில் ஒரு விதி வைக்கப்பட்டிருந்தது. பெரிய திரையில் அது காவல். சிறிய திரையில் அதுவே விலங்கு. அவ்விதியை நீக்கிய பின்னரே பொத்தானை எட்ட முடிந்தது.

2008ஆம் ஆண்டில் வேலண்ட் என்னும் புதிய முறைமை தொடங்கப்பெற்றது. அதில், தான் திரையில் எங்கு நிற்கிறது என்பது நிரலுக்குத் தெரியாது. இடத்தைத் தீர்மானிப்பது மேலாளரின் பொறுப்பே. ஆயினும், இதற்கு மேற்படாதிருத்தல் நன்று என்ற எல்லையை, நிரல் தன் அளவைத் தேர்ந்துகொள்ளுமுன்பே மேலாளர் அறிவிக்கும் வழி அதன் விதிகளிற் பின்னர் சேர்க்கப்பட்டது. எக்ஸ் முறைமையிலும் பணிப்பரப்பை நிரல் கேட்டறியலாம். கேளாத நிரல்களே இடரை விளைத்தன. வேலண்டிலோ, கேளாமலே சொல்லப்படுகிறது.

எனினும், சொன்ன எல்லைக்குள் நிற்பது நிரலாளரின் கையில் உள்ளது. நீண்ட படிவத்தை உருளும் பரப்பில் வைத்து, பொத்தானை எப்போதும் கண்ணிற்படும் இடத்தில் நிறுத்துவது அவர் கடமை. அறைகளை எத்தனை பெருக்கினாலும், விருந்துக்கு வருபவர் வீட்டின் அளவறிந்து பாய் கொணர்ந்தாலன்றி எல்லாரும் அமர இடம் கிடைக்காது.