கடற்படுகை மேட்டுநிலம் ஆன வரலாறு

உயர்ந்த இடம் என்றதும் நம் மனக்கண்முன் மலைமுகடே தோன்றும். முகடு கூர்மையானது, ஏறியவர் சிறிது நேரம் நின்று இறங்கிவிடத் தக்கது. ஆனால், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெளியாய் விரிந்து, ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊர்களையும் தாங்கிய ஒரு நிலம், கடல்மட்டத்திற்கு மேல் நான்கரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்குமாயின் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அத்தகைய நிலமே திபெத்துப் பீடபூமி. அதன் பரப்பு ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீட்டர். இந்திய நாட்டின் பரப்பில் முக்கால் பங்கு எனலாம்.

இத்துணைப் பெரிய நிலப்பரப்பை மேலே தூக்கியது யாது? தூக்கிய பின் அதனைத் தாங்கி நிற்பது யாது? இவ்விரு வினாக்களுக்கும் நிலவியல் தரும் விடையை ஈண்டுக் காண்போம்.

கல் கூறும் சான்று

இப்பீடபூமியின் தென்விளிம்பில் நிற்பது இமயமலை. அதன் தலையாய சிகரமான எவரெஸ்ட்டின் உச்சிப்பாறை சுண்ணாம்புக்கல்லாகும். அக்கல்லில் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் எச்சங்கள் பதிந்துள்ளன. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களுட் பல, சுருள் ஓடுடைய பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்களே. இன்று மேகமண்டலத்தைத் தொடும் இப்பாறைகள் ஒரு காலத்தில் கடலடியில் வண்டலாய்ப் படிந்தவை என்பதற்கு இவற்றினும் மேலான சான்று வேண்டுவதில்லை. அப்பழங்கடலுக்கு நிலவியலார் ‘டெதிஸ்’ எனப் பெயரிட்டுள்ளனர்.

நிலம் நிலையானதன்று என்னும் எண்ணம் நெடுங்காலத்திற்கு முன்பே சிந்தனையாளர்க்குத் தோன்றியதுண்டு. கி.பி. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு சீனா, கடும் நிலநடுக்கங்களால் தரை மேலெழுவதாலும், நீர் அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்குவதாலும் மலைகள் தோன்றுகின்றன என்று எழுதினார். அவர் காலத்தவரான அல்பிரூனி, இந்தியச் சமவெளியின் கற்கள் மலையருகே பெரியனவாகவும், மலையை விட்டு விலக விலகச் சிறியனவாகவும், கடலை நெருங்கும்போது மணலாகவும் இருப்பதை நோக்கி, அந்நிலம் முன்னர்க் கடலாய் இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என முடிவு கண்டார். எழுச்சியும் அரிப்புமே நிலத்தின் வடிவை ஆக்குகின்றன என்பது இன்றைய நிலவியலுக்கும் அடிப்படையாகும்.

தட்டுகளின் மோதல்

புவியின் புற ஓடு ஒரே துண்டாக அமைந்ததன்று. பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்ந்துகொண்டிருப்பது. தென்கோளத்துப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியத் தட்டு வடக்கு நோக்கி விரைந்தது. இடையிலிருந்த டெதிஸ் கடலின் தரை, ஆசியாவின் அடியில் சிறிது சிறிதாக அமிழ்ந்து மறைந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்திய நிலம் ஆசிய நிலத்தை முட்டியது.

கடல்தரை கனமானது, ஆதலின் எளிதில் அமிழும். கண்டத்தின் பாறையோ எடை குறைந்தது, எளிதில் அமிழாது. விரித்த பாயை இருபுறமிருந்தும் நெருக்கினால் அது மடிந்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படுவதுபோல, நடுவில் அகப்பட்ட பாறையடுக்குகள் மடிந்தும் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இந்தியத் தட்டின் ஒரு பகுதி திபெத்தின் அடியிலும் நுழைந்தது. இதனால் பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர் வரை தடிப்புள்ள கண்ட மேலோடு, திபெத்தின்கீழ் ஏறத்தாழ 70 கிலோமீட்டராகத் தடித்துவிட்டது.

தூக்குக்குண்டு காட்டிய உண்மை

தடித்த நிலம் ஏன் உயர்ந்து நிற்கவேண்டும்? இதற்கான விடை நம் சென்னையில் தொடங்கிய ஒரு பணியின் வழியே உலகிற்குக் கிடைத்தது என்பது நாம் அறியத்தக்க செய்தியாகும். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, இந்தியப் பெரு முக்கோண நிலஅளவையைத் தொடங்கினார். பின்னர் அப்பணி ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் வடக்கே இமயத்தை நோக்கிச் சென்றது. அங்கே கலியானா, கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும், விண்மீன்களைக் கொண்டு கணித்தபோது வேறொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு கோண அளவில் ஏறத்தாழ 5 விநாடி. தொலைவில் ஏறத்தாழ 160 மீட்டர்.

இமயத்தின் ஈர்ப்பு, கருவியின் தூக்குக்குண்டைத் தன்பக்கம் இழுத்ததே காரணம் எனக் கருதிய ஜான் பிராட் அவ்விழுப்பைக் கணக்கிட்டார். இமயத்தின் பருமனுக்கு வேறுபாடு 15 விநாடிக்கு மேல் இருந்திருக்கவேண்டும் என்றது கணக்கு. மலை தன் உருவத்திற்கேற்ற அளவு இழுக்கவில்லை! 1855-இல் இதற்கு விளக்கமளித்த ஜார்ஜ் ஏரி, மலையின் அடியில் எடை குறைந்த பாறையாலான ஆழ்ந்த ‘வேர்’ உண்டு என்றார். நீரில் மிதக்கும் பனிப்பாறையின் பெரும்பகுதி மூழ்கியிருந்து சிறுபகுதியை மேலே தாங்குவதுபோல, எடை குறைந்த மேலோடு அதன் கீழுள்ள அடர்ந்த பாறையின்மேல் மிதக்கிறது. வேர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயரும் நிலம்.

இதனைச் சிறு கணக்கால் நாமே சரிபார்க்கலாம். மேலோட்டின் அடர்த்தி நீரைப்போல் 2.8 மடங்கு, அதன் கீழுள்ள பாறையின் அடர்த்தி 3.3 மடங்கு எனக் கொள்வோம். அப்படியானால் மேலோடு ஆறரைக் கிலோமீட்டர் தடித்தால் நிலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரும். திபெத்தில் மிகுதியான தடிப்பு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். எனவே உயர்வு 5 கிலோமீட்டரை ஒட்டி அமையவேண்டும். உண்மை உயரமும் இதற்கு அணித்தாகவே உள்ளது.

மேடு சமவெளியானது எவ்வாறு?

நெருக்குண்ட நிலம் முழுவதும் முகடுகளாகவன்றோ இருத்தல் வேண்டும் என ஐயுறலாம். தடித்த மேலோட்டின் அடிப்பகுதி மிகுந்த வெப்பத்தால் இளகி, பல இலட்சம் ஆண்டுக் கால அளவில் மெல்லப் பரவுகிறது; அதனால் மேட்டுக்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. இமயம் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால் பீடபூமியின் உட்பகுதியில் மழை குறைவு. நிலத்தை ஆழ அறுக்கும் ஆறுகளும் இல்லை. அங்குள்ள ஓடைகள் பல கடலைச் சேராமல் உள்ளூர் ஏரிகளிலேயே முடிந்து, தம் வண்டலால் பள்ளங்களை நிரப்புகின்றன.

இவ்வுயர்வு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. நடுத்திபெத்தில் 4,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுப் பழமையுள்ள பனைக்குடும்ப மரத்தின் இலைகள் புதைபடிவமாகக் கிடைத்ததை 2019-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். கடுங்குளிரில் பனையினம் வாழாது. ஆகவே அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கு இன்றைய உயரத்தை எட்டவில்லை என்பது அவர்தம் முடிவு.

உயரத்தின் விலை

சிந்து, சட்லஜ், பிரம்மபுத்திரா, மீகாங், யாங்சி ஆகிய ஆறுகள் இம்மேட்டுநிலத்தில் பிறந்து கோடிக்கணக்கான மக்களை வாழ்விக்கின்றன. இவ்வளம் எழுச்சி தந்த கொடையாகும். ஆயின் அதற்கொரு விலையும் உண்டு.

இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. அந்நெருக்கம் பாறையில் சேர்ந்து சேர்ந்து, தாங்கவியலாத நிலையில் திடீரென விடுபடுவதே நிலநடுக்கம். 2005-இல் காசுமீரப் பகுதியில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015-இல் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். அன்று காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு நிமிடத்திற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என நாம் ஏட்டில் எழுதும் எழுச்சி, நிலத்தில் இவ்வாறும் நிகழ்கிறது.

உயர்வுக்கும் எல்லை உண்டு. மிகுந்த உயரம் அடைந்த பீடபூமி தன் எடையாலேயே கிழக்கு மேற்காக விரிந்து, வடக்குத் தெற்காகப் பிளந்துகொண்டிருக்கிறது. 2025 சனவரி 7-ஆம் நாள் திபெத்தின் திங்ரி வட்டாரத்தில் 120-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த நிலநடுக்கம் இத்தகைய விரிவால் விளைந்ததே.

தட்டுகளின் ஓட்டத்தை மாந்தர் தடுக்க இயலாது. ஆனால், நிலநடுக்கத்தில் மிகுதியாக உயிர் பறிப்பவை நிலத்தின் அசைவன்று, வலுவற்ற கட்டடங்களே. அசைந்தாலும் இடிந்து விழாத வீட்டையும் பள்ளியையும் கட்டுதல் நம் கையில் உள்ளது. காலடியில் உள்ள நிலம் மிதப்பது, நகர்வது, உயர்வது என்னும் அறிவு வகுப்பறையோடு நின்றுவிடாமல், வீடு கட்டும் கொத்தனார் வரையில் சென்று சேரவேண்டும். கற்றோர் அதனை எளிய தமிழில் எடுத்துச் சொல்லுதல் கடன்.