ஆமை நடை

நுழையும்முன்

காலநிலை மாற்றம் என்னும் தொடர் நாளிதழ்களிலும் வகுப்பறைகளிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அளவுக்கு மீறிப் பழகிய சொற்கள் பொருள் மங்கிப்போவதுண்டு. அத்தொடரின் பொருளைச் சென்னைக் கடற்கரை மணலில் கைவிட்டுத் தொட்டறிந்த மாணவர்களைப் பற்றியது இப்பாடம்.

அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஒரு மணல்மேடு வருகிறது. அடும்புக்கொடி படர்ந்த அம்மேட்டில் சூல்கொண்ட ஆமை முட்டையிட்டு மணலால் மூடுகிறது. பாடலை இயற்றிய குமுழிஞாழலார் நப்பசலையார் முட்டையின் வடிவத்துக்குத் தந்தத்தாலான வட்டுக்காயை உவமையாக்குகிறார்; அதன் புலால் நாற்றத்தையும் சொல்லாமல் விடவில்லை. நேரில் கண்டவரன்றி வேறொருவர் எழுதியிருக்க முடியாத நுட்பம் இது. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை முட்டைகளைக் காப்பதாகவும் பாடல் கூறுகிறது. இவ்வோரிடத்தில் மட்டும் உயிரியல் வேறுவிதமாகப் பேசுகிறது. ஆண் கடலாமை பொதுவாகக் கரையேறுவதே இல்லை. முட்டையிட்ட தாயும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. முட்டைகளுக்குக் காவலாக இருப்பவை மணலும் அம்மணலின் வெப்பமுமே.

கரையேறும் தாய்

தமிழகக் கடற்கரைக்கு வரும் கடலாமைகளில் மிகுதியானது பங்குனி ஆமை. ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையும் 60 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீளமும் கொண்டது. சனவரி முதல் மார்ச்சு, ஏப்பிரல் வரையிலான இரவுகளில் பெண் ஆமைகள் சென்னைக் கரைக்கு வருகின்றன. தாம் பொரிந்து வெளிவந்த கடற்பகுதியையே அவை நாடி வருகின்றன என்பது அறிஞர் கருத்து. அலைபடாத உயரத்துக்கு ஊர்ந்து சென்று, பின்துடுப்புகளால் குடுவை வடிவக் குழி பறித்து, நூற்றுக்கு முன்பின்னாக முட்டைகளை இட்டு, மூடி, தன் உடலாலேயே மணலை இடித்துச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது தாய் ஆமை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மணலில் எஞ்சுவது, சக்கரம் உருண்டது போன்ற தடம் மட்டுமே.

அத்தடத்தைத் தேடி நாய்களும் வரும். முன்னாளில் முட்டை விற்போரும் வந்தனர். 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் தடத்தைத் தேடி இரவில் நடக்கத் தொடங்கினர். எடுத்த முட்டைகளை வேலியிட்ட இடத்தில் புதைத்துப் பொரிக்கச் செய்தனர். அந்நடைகளில் இளைஞராகக் கலந்துகொண்டவர்களுள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். பொறியியல் கற்கச் சென்னை வந்த அவர், பின்னாளில் இந்தியக் கடற்கரைகளை நடந்தே ஆய்ந்து, கடலாமைகளைப் பற்றிய அடிப்படைச் செய்திகளைத் திரட்டினார். 1982இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவுகளின் ஆளில்லாத் தீவொன்றில் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அதனை இலங்கை மீனவர் ஒருவர் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பிவைத்தார். கதை போலத் தோன்றினும் நடந்தது இது.

மாணவர் கைக்கு வந்த பணி

தன்னார்வலர் தொடங்கிய பொரிப்பகப் பணியைப் பின்னர் அரசு நிறுவனங்கள் சில ஆண்டுகள் நடத்தின; பிறகு அது நின்றது. 1988இல் அப்பணியைக் கல்லூரி மாணவர்கள் தாமாகவே ஏற்றனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இவ்வாறு தோன்றியது. ஊதியம் இல்லை, மதிப்பெண் இல்லை. தேர்வுக்காலமும் ஆமைக்காலமும் ஒன்றாக வருவது மட்டும் உறுதி. மூத்தவர்கள் படிப்பு முடிந்து வேலைக்குச் செல்லும்போது இளையவர்களிடம் பணியை ஒப்படைத்துச் செல்கின்றனர். ஒவ்வோராண்டும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது எளிதன்று. தலைமைப் பண்பு என்பது மேடையேறிப் பேசுவது என்று கருதுவோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

நடை நள்ளிரவையொட்டித் தொடங்கும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கைவிளக்கை ஏற்றுவதில்லை, ஏறிவரும் ஆமை ஒளியைக் கண்டால் முட்டையிடாமலேயே திரும்பிவிடக்கூடும். இருளுக்குப் பழகிய கண்களே விளக்கு. தடம் தென்பட்டதும் முன்னே செல்பவர் நிற்பார். மேலே சென்ற தடம், கீழே இறங்கிய தடம், நடுவில் மணல் கலைந்த இடம் ஆகியவற்றைப் பார்த்து, மெல்லிய குச்சியால் மணலை ஊன்றிப் பார்ப்பர். இறுகிய மணலில் குச்சி நிற்கும். கூட்டின் மேலுள்ள தளர்ந்த மணலில் சட்டென இறங்கும். அழுத்தம் மிகுந்தால் முட்டை உடையும். எவ்வளவு அழுத்துவது என்பதை எந்த நூலும் கற்பிப்பதில்லை. அருகில் நிற்கும் மூத்த மாணவரின் கையைப் பார்த்தே கற்கவேண்டும்.

முட்டைகளை எடுத்துச் செல்வதற்கும் கால வரையறை உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குப் பின் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். ஆதலால் விடியுமுன் எடுத்து, குலுங்காமல் சுமந்து, பொரிப்பகத்தில் தாய் பறித்த ஆழத்துக்கும் அகலத்துக்கும் ஏற்பக் குடுவைக் குழி பறித்து மீண்டும் புதைக்கின்றனர். நாள், இடம், முட்டைகளின் எண்ணிக்கை, குழியின் ஆழம் ஆகிய அனைத்தும் பதிவேட்டில் ஏறும். 45 முதல் 60 நாள்கள் கழித்து மணல் லேசாகக் குழிந்து, உள்ளங்கையில் அடங்கும் கரிய குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வெளிவரும். அவற்றைக் கையால் கடலில் விடுவதில்லை. மணலில் விட்டால் தாமே நீரை நோக்கி ஊர்ந்து செல்லும்.

இக்குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே முழு வளர்ச்சி பெறும் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. எனவே முட்டையைக் காத்ததனால் மட்டும் ஆமையினம் காக்கப்பட்டுவிடாது. மாணவர்களுக்கும் இது தெரியும். விடியற்கருக்கலில் அவர்கள் காண்பது தடங்களை மட்டுமன்று. இறந்து ஒதுங்கிய பெரிய ஆமைகளையும் காண்கின்றனர். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் சிக்கி மேலே வர இயலாதபோது நீரிலேயே மூழ்கி இறக்கிறது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்னும் விதி இருக்கிறது. அவ்விதி காக்கப்பட்டால் ஆமைக்கும் நன்மை. கட்டுமரத்திலும் சிறு படகிலும் கரையோரம் தொழில் செய்யும் மீனவருக்கும் நன்மை. ஆமையின் நலமும் மீனவரின் நலமும் எப்போதும் எதிரெதிரானவை என்னும் எண்ணம் முழுவதும் சரியன்று.

வெப்பம் எழுதும் விதி

மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் முடிவு செய்கின்றன. கடலாமையில் அம்முடிவை எடுப்பது மணலின் வெப்பநிலை. கருவளர்ச்சியின் நடுப்பகுதியில் கூடு குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் மிகும். இரண்டும் சரிபாதியாகும் அளவு சற்றேறக்குறைய 29 முதல் 30 பாகை செல்சியசு. அங்கிருந்து ஓரிரு பாகை ஏறினாலே ஒரு கூட்டில் ஏறத்தாழ அனைத்தும் பெண்ணாகிவிடும். 34, 35 பாகையைத் தாண்டி வெப்பம் நீடித்தால் கருக்களே மடியத் தொடங்கும்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்கள் புவியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கின்றன. 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை 1.1 பாகை உயர்ந்திருந்தது. 1.1 என்பது கேட்பதற்கு மிகச் சிறிய எண். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே அதனினும் பன்மடங்கு வேறுபாட்டை நாள்தோறும் தாங்கிக்கொள்கிறோமே என்று மாணவர் கேட்பதும் இயல்பு. ஆனால் ஆமைக்கூட்டின் கணக்கில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் கோடே ஓரிரு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆசுத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியிலிருந்து வரும் பச்சை ஆமைகளை ஆய்ந்தவர்கள், இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்ணாக இருப்பதை 2018இல் வெளியிட்டனர்.

பெண் மிகுந்தால் முட்டை மிகுமே, அதில் தீங்கு என்ன என்று தோன்றலாம். ஓர் ஆண் ஆமை பல பெண் ஆமைகளோடு இணையக் கூடியது. ஆகையால் ஓரளவு ஏற்றத்தாழ்வை இவ்வினம் தாங்கும். எல்லை கடந்தால் கருவுறாத முட்டைகளே மணலில் எஞ்சும். ஆமை முதிர்ச்சியடையப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இன்று பொரியும் கூட்டின் விளைவு உடனே கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தாமதமே காலநிலைச் சிக்கல் முழுவதற்கும் உரிய இயல்பு. காரணம் இங்கே இன்று நிகழ்கிறது. விளைவு வேறோரிடத்தில் பிறிதொரு தலைமுறைக்கு வந்து சேர்கிறது.

வகுப்பறையும் கடற்கரையும்

எம்.சி. மேத்தா என்னும் வழக்குரைஞர் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கல்வியில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று தீர்ப்பளித்தது. பாடமும் வந்தது, பாடத்தோடு வினாவிடையும் வந்தது. பசுமைக்குடில் வாயுக்கள் யாவை என்னும் வினாவுக்கு ஐந்து பெயர்களை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவருக்கு, தம் ஊர் ஏரியின் நீர்மட்டம் சென்ற ஆண்டு எவ்வளவு இருந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. இது மாணவரின் குறையன்று. அளந்து பார்க்கும் வாய்ப்பை அவருக்குத் தராத கற்பித்தல் முறையின் குறை.

ஆமை நடையில் கற்பவர் முதலில் பெறுவது ஒரு பதிவேடு. அதில் ஓரிரவில் எழுதப்படும் வரிக்குத் தனியே பெரும் மதிப்பில்லை. ஆண்டுதோறும் விட்டுப்போகாமல் எழுதப்படும்போது, எந்த மாதத்தில் கூடுகள் மிகுந்தன, பொரிக்காமல் போனவை எத்தனை, பிந்திய கூடுகள் முந்தியவற்றைவிட விரைவில் பொரித்தனவா என்னும் வினாக்களுக்கு அப்பதிவேடே விடை தரத் தொடங்குகிறது. கடற்கரையோர விளக்குகளின் ஒளியால் குஞ்சுகள் கடலுக்கு எதிராகச் சாலையை நோக்கி ஊர்வதைக் கண்ட மாணவர்கள், ஆமைக்காலத்தில் விளக்குகளை அணைக்குமாறு வேண்டி வந்துள்ளனர். எத்தனை கூடுகள், எந்த இடத்தில், எந்த நாளில் என்று எடுத்துக்காட்ட முடிந்தவரின் கோரிக்கையை எளிதில் தள்ளிவிட முடிவதில்லை.

பிறந்த குஞ்சு ஆணா பெண்ணா என்பது வெளித்தோற்றத்தால் புலப்படாது. ஆதலின் கூட்டருகே மணலின் வெப்பத்தை அளந்து உய்த்துணர்வதே குஞ்சுகளுக்குத் துன்பம் தராத வழி. மார்ச்சு, ஏப்பிரலில் மணல் சூடேறும்போது பொரிப்பகத்தின் மேல் நிழல்வலை கட்டலாம். ஆனால் எவ்வளவு நிழல்? நிழல் மிகுந்தால் ஆண் குஞ்சுகளே மிகும். குறைந்தால் பெண் குஞ்சுகளே மிகும். இயற்கை தானே செய்துவந்த ஒரு முடிவை மனிதர் கையில் எடுக்கும்போது அதற்குரிய பொறுப்பும் உடன் வருகிறது. ஆதலால் வலையைக் கட்டுவதற்கு முன்பும் கட்டிய பின்பும் வெப்பமானி காட்டும் எண் பதிவேட்டில் ஏறுகிறது.