‘அ’ சிவப்பாகத் தெரிந்தால்

கறுப்பு மையில் அச்சான எழுத்து தனக்குச் சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிகிறது என்று சொல்லும் பிள்ளையைக் கண் மருத்துவரிடமும், அவர் குறையொன்றும் இல்லை என்றதும் மந்திரிப்பவரிடமும் அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒருபுறம்; நாற்பது வயதுக்குமேல் திடீரெனக் கண்முன் வண்ணப் பொட்டுகள் மின்னத் தொடங்கியும் ‘பித்தம்’ என்று முடிவுகட்டிக் கஷாயம் குடித்துக் காலம் கடத்திவிட்டு வருவோர் மறுபுறம். சிகிச்சையே வேண்டாதவர் முந்திக்கொள்ள, உடனே வரவேண்டியவர் பிந்திவருவதற்கு, இவ்விரண்டும் வேறுவேறு என்பது பரவலாகத் தெரியாததே காரணம்.

மூளையில் அண்டை வீடுகள்

முதலாவது சினஸ்தீசியா, அதாவது புலனிணைவு. ஒரு தூண்டல் தனக்குரிய உணர்வோடு வேறோர் உணர்வையும் தானாக எழுப்பிவிடுவதே அது. எழுத்து வடிவை இனங்காணும் பகுதியும் நிறத்தைக் கையாளும் ‘வி4’ பகுதியும் மூளையின் அடிப்புறத்தில் அருகருகே இருப்பதால், ஒன்று விழிக்கும்போது மற்றதும் விழித்துக்கொள்கிறது என்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001இல் விளக்கினர். குழந்தைப் பருவத்தில் கழிக்கப்பட வேண்டிய நரம்பிணைப்புகள் சிலரிடம் எஞ்சிவிடுவதே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. கூடுதல் இணைப்பு எதுவும் தேவையில்லை, எல்லோரிடமும் உள்ள பாதைகளில் தடுப்பு தளர்ந்தாலே போதும் என்பாரும் உண்டு. இந்த வாதம் இன்னும் தீரவில்லை.

விடாத கட்டுக்கதைகள்

இது மனநோய் என்பது முதல் தவறு. புலனிணைவு உடையவருக்குத் தாளில் இருப்பது கறுப்பு மைதான் என்பது தெளிவாகத் தெரியும். மனநோய்களின் பட்டியல்களில் இதற்கு இடமில்லை.

வெறும் கற்பனை என்பது அடுத்தது. கற்பனையாகச் சொன்ன நிறங்கள் சில நாட்களில் மறந்துபோகும். இவர்களோ மாதங்கள் கழித்து முன்னறிவிப்பின்றிக் கேட்டாலும் பெரும்பாலும் அதே நிறத்தையே, அதுவும் அதே சாயலோடு, சொல்கின்றனர். சோதனையும் அவ்வளவே, ஸ்கேன் வேண்டியதில்லை.

சிறுவயதில் பார்த்த வண்ண எழுத்துகளின் நினைவு என்பதில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவில் புலனிணைவு உடைய 6,588 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 6 விழுக்காட்டினரின் நிறங்கள் அங்கு விற்ற ஒரு காந்த எழுத்து விளையாட்டுப் பொருளின் நிறங்களோடு பெரிதும் ஒத்திருந்தன. எஞ்சியோருக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை.

மேதைமையின் அடையாளம் என்ற கதைக்கு எழுத்தாளர் நபகோவையும் இயற்பியலாளர் ஃபெயின்மனையும் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். நூறில் ஒருவருக்கேனும் எழுத்துக்கு நிறம் தெரிகிறது என்பது பிரிட்டனில் செய்த கணக்கு. அத்தனை பேரும் மேதைகள் அல்லர். மேதைமைக் கதையைக் கேட்டுவிட்டு நினைவாற்றல் டானிக் வாங்கிக் கொடுப்பதும், அந்த அனுபவத்தைத் தேடி எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருளைத் தொடுவதும் எந்த வகையில் அறிவுடைமை என்பது விளங்கவில்லை. அந்தப் பொருள் சிலருக்குப் பார்வைத் தொந்தரவுகளை மாதக்கணக்கில் விட்டுச்செல்லும்.

கைவைத்தியம் வேண்டாம்

பிள்ளையின் கண்ணில் எதையும் பிழிந்துவிட வேண்டாம். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, நாளடைவில் கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே பறிக்கக்கூடியது. தனக்குத் தெரியும் நிறத்துக்கு மாறான வண்ணத்தில் எழுத்து இருந்தால் அந்தப் பிள்ளை சற்றுத் தடுமாறலாம் என்பதால், வகுப்பில் அதற்காகக் கடிந்துகொள்ளாதிருந்தால் போதும்.

பொறுக்கக் கூடாத நிறங்கள்

எழுத்துக்கு நிறம் தெரியும் புலனிணைவு பெரும்பாலும் எழுத்துப் பழகும் வயதிலேயே வேரூன்றி, எழுத்தையொட்டியே எழுவது. எழுத்தே இல்லாத இடத்தில், வளர்ந்த பின் புதிதாகத் தோன்றும் வண்ணம் வேறு. நெளிகோடுகளாகப் பரவி ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாகலாம். வண்ண வட்டங்களாகச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ வந்து போவது வலிப்பு நோயாகலாம். இவற்றை ‘சூடு’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுமாறு எத்தனை முறை வேண்டினாலும் தகும். மின்னல் தெறிப்போடு புதிய கரும்புள்ளிகள் மிதந்து, பார்வையின் ஓரத்தில் திரை இறங்கினாற்போல் மறைத்தால், விழித்திரை விலகத் தொடங்கியிருக்கலாம் என்பதால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.